பனியில் நின்று கூப்பிட்டவனுக்கு

நேற்றுக் காலை என் மனைவி, மாதா கோயில் பீடத்துத் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணியின் விளிம்பில் இரண்டு மூன்று இடங்களில் மெழுகு சொட்டிக் கெட்டிப்பட்டிருந்தது. அதன் மேல் பழைய செய்தித்தாளை வைத்துச் சூடான பெட்டியை அழுத்தினால், மெழுகு உருகித் தாளுக்குள் ஏறிவிடும். அந்த வாசம் கூடம் வரைக்கும் வந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த நான் பாதியில் நின்றுவிட்டேன்.

"என்னாச்சுங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. அவன் ஞாபகம்."

யார் என்று அவள் கேட்கவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து என் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வேலைக்குக் கிளம்ப மனம் வரவில்லை. உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மெழுகும் சூடான இரும்பும் சேர்ந்தால் எனக்கு அது மணாலிப் பக்கம் நாம் தங்கியிருந்த தாக்குர் வீட்டுக் கொட்டகைதான். பனிச்சறுக்குக் கட்டைகளைக் குப்புறக் கிடத்தி, மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்து, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் நீ இழுப்பாய். மெழுகு உருகிக் கட்டையின் அடியில் பரவும். "தோசைக்கல்லுக்கு எண்ணெ தடவற மாதிரியே இருக்குதப்பா. இதுல ரெண்டு தோச ஊத்துனா என்ன?" என்பாய். ஒவ்வொரு முறையும் அதையே சொல்வாய். ஒவ்வொரு முறையும் நான் சிரிப்பேன்.

எருமப்பட்டிக்காரன் நீயும் சேலத்துக்காரன் நானும் இமயமலையில் பனிச்சறுக்குப் போனோம் என்று இங்கே சொன்னால், கதை விடுகிறான் என்றுதான் பார்க்கிறார்கள். ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத ஊர் இந்தியாவில் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் போர் போடப் போன இடத்தில் காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறுவார்கள் என்று யார் நினைப்பார்கள்? நீ டிரில்லர். நான் கம்ப்ரஸர் லாரி டிரைவர். முதல் நாள் என்னிடம் வந்து, "ஏனுங்க சேலத்தாரே, சாப்புட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாய். ஒரு வாரத்தில் அந்த 'ங்க' உதிர்ந்துபோய் 'மாப்ள' ஆகிவிட்டது. நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோயில் தேடுகிறவன். நீ அமாவாசைக்குக் கறி தொடாதவன். ஒரே தட்டில்தான் சாப்பிட்டோம்.

மணாலியைத் தாண்டிய அந்த ஊரில் தாக்குரின் ஆப்பிள் தோட்டத்துக்குத்தான் முதல் துளை போட்டோம். தண்ணீர் பீய்ச்சியடித்தபோது அவர் சேற்றோடு உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்த வேலை இன்னும் மேலே ஒரு கிராமத்தில். ஏப்ரல் பிறந்தும் அந்தச் சாலை திறக்கவில்லை. வண்டியை அவர் நிலத்திலேயே நிறுத்திக்கொண்டு காத்திருந்தோம். நம் பையன்கள் தார்ப்பாய்க்குள் சீட்டாடினார்கள். தாக்குர் குளிர்காலத்தில் சுற்றுலாக்காரர்களுக்குச் சறுக்குக் கட்டை வாடகைக்கு விடுகிறவர். சீசன் முடிந்து எல்லோரும் போன பிறகுதான் அவருக்கு உண்மையான சீசன். கம்பியில் தொங்கும் நாற்காலி இல்லாத, கயிறு கட்டாத, யாரும் மிதிக்காத மேட்டுக்கு நடந்தே ஏறி, சறுக்கி இறங்குவார். "சும்மாதானே இருக்கிறீர்கள், வாருங்கள்" என்று கூப்பிட்டார். நான் பயந்தேன். நீ அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டாய்.

அந்த முதல் வருஷம் முழுக்க விழுந்தோம். கட்டையின் அடியில் ரோமம் வைத்த பட்டையை ஒட்டிக்கொண்டால், முன்னால் தள்ளும்போது வழுக்கும், பின்னால் வழுக்காது. பூனையின் முதுகை நீவுகிற பக்கமும் எதிர்ப்பக்கமும் போல. அப்படித்தான் மேடு ஏற வேண்டும். மேலே போனதும் பட்டையை உரித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஏறுவதில் உன்னை யாரும் மிஞ்ச முடியாது. இறங்கும்போது முதல் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிடுவாய். "அட கெரகத்த" என்ற சத்தம் கேட்டால், நீ விழுந்துவிட்டாய் என்று தாக்குருக்கே தெரிந்துபோனது. பிறகு அவர் விழுந்தாலும் அதையே சொல்ல ஆரம்பித்தார்.

அடுத்த வருஷமும் அதே ஊர், அதே காத்திருப்பு. அந்த வருஷம் இருவரும் விழாமல் இறங்குகிற அளவுக்கு வந்திருந்தோம். சீசன் கடைசியில் பனிக்கு ஒரு குணம் உண்டு. இரவில் கல்லாக உறையும். காலை வெயில் பட்டதும் மேலே ஒரு விரல் கனத்துக்கு மட்டும் உதிர்ந்து மணி மணியாக நிற்கும். மத்தியானத்தில் கூழாகிவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற சின்ன நேரத்தில் இறங்கினால் கால் தரையில் பட்ட மாதிரியே இருக்காது. நீ ஒரு கை அள்ளி என்னிடம் நீட்டினாய். சேந்தமங்கலம் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்தவன் நீ.

"மாப்ள, பாரு. களத்துல காயப் போட்ட ஜவ்வரிசியேதான்."

வாயில் போட்டும் பார்த்தாய். அன்றிலிருந்து நம் இருவருக்கும் அது ஜவ்வரிசிப் பனி. இறங்கி முடித்து, இரண்டு பேர் போட்ட வளைவுக் கோடுகளையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாய். "பொழப்பு பூரா ஓட்ட போட்டுட்டுத் திரியறோம். இங்க கோடு போட்டுட்டுப் போறமப்பா. சாயங்காலம் அதுவும் இருக்காது. நல்லாருக்குதில்ல?" என்றாய். எது நல்லாயிருக்கிறது, கோடா, அது கரைந்துபோவதா என்று நான் கேட்கவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. தேவதாரு மரங்களைத் தாண்டி, வெட்டவெளியான பெரிய மேட்டில் மூவரும் ஏறிக்கொண்டிருந்தோம். உச்சியில் மலையின் முதுகு நீளமாகத் தெரிந்தது. அதன் மேல் நின்றால் அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் என்று தாக்குர் சொல்லியிருந்தார். பாதிக்கு மேல் வந்திருப்போம். மேற்கே ஒரு மேகம் முதுகைத் தாண்டி, பால் பொங்கி வழிகிற மாதிரி நம் பக்கம் இறங்கியது. தாக்குர் நின்றார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "திரும்புகிறோம்" என்றார். நீ உச்சியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். பிறகு குனிந்து பட்டையை உரிக்க ஆரம்பித்தாய். "அது எங்கியும் போயிராது. வா மாப்ள" என்றாய்.

தாக்குர் முதலில், நீ நடுவில், நான் கடைசி. நான்கு திருப்பம் போட்டிருப்பேன். மூடுபனி வந்து உன் முதுகை அழித்தது. அதோடு காற்றும் பனியும் சேர்ந்து முகத்தில் அடித்தன. தடுமாறி விழுந்தேன். ஒரு கட்டை காலிலிருந்து கழன்று கீழே வழுக்கிப் போய்விட்டது. தவழ்ந்து தவழ்ந்து அதைத் தேடிப் பிடித்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, உலகத்தில் எதுவும் இல்லை. வானமும் தரையும் ஒரே வெள்ளை. நிற்கிறேன் என்று நினைத்தேன், முழங்காலில் பனி உரசியபோதுதான் வழுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. இடது பக்கம் எங்கோ ஓர் ஓடைப் பள்ளம் இருப்பது நினைவிருந்தது. ஏறும்போது தாக்குர் அதை மூன்று முறை காட்டியிருந்தார், இறங்கும்போது அதன் பக்கம் போகவே கூடாது என்று. இப்போது எது இடது என்று தெரியவில்லை. பனியை உருட்டி முன்னால் எறிந்தேன், சரிவு எந்தப் பக்கம் என்று பார்க்க. உருண்டை கையை விட்டதும் மறைந்துபோனது. அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் வார்த்தை மறந்துபோனது. எத்தனை வருஷமாகச் சொல்கிற ஜெபம்!

அப்போதுதான் உன் குரல் வந்தது.

"நாமக்கல்! நாமக்கல் தாண்டியாச்சு! பொம்மக்குட்டமேடு! பொம்மக்குட்டமேடு எறங்கறவங்கல்லாம் வாங்க!"

முதலில் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"புதன்சந்தை! புதன்சந்தை! புதுச்சத்திரம் யாரு? முன்னால வாங்க!"

ரிக் வண்டிக்கு வருவதற்கு முன்னால் நீ நாமக்கல் சேலம் தடத்தில் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். அந்தக் குரல். மூக்காலும் தொண்டையாலும் சேர்த்து இழுக்கிற அந்தக் குரல். காற்று இப்போது திசை மாறிக் கீழிருந்து மேலே அடித்துக்கொண்டிருந்தது, உன் குரலை நேராக என் காதுக்குக் கொண்டுவந்தது. "ஓய்! வாரேன்!" என்று உன் பாஷையிலேயே கத்தினேன். கட்டையைக் குறுக்கே வைத்து ஒவ்வோர் அடியாகப் பக்கவாட்டில் இறங்கினேன். ஆண்டகளூர் கேட் வந்தது. "ஓய்!" மல்லூர் வந்தது. "ஓய்!" சீலநாயக்கன்பட்டி வந்தது. அதற்கடுத்து சேலம் என்று சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. மறுபடியும் நாமக்கல்லிலிருந்து ஆரம்பித்தாய். நடுவில் ஒரு முறை காற்றின் சத்தம் மட்டும் இருந்தது. அசையாமல் நின்றேன். உன் தொண்டை கட்டியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பிறகு கரகரத்த குரலில் மறுபடியும் "பொம்மக்குட்டமேடு" வந்தது.

எத்தனை நடை போனாயோ தெரியாது. வெள்ளைக்குள் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. உன் குரங்குக் குல்லாய். அதன் கீழே உன் புருவம் முழுக்கப் பனி. நான் கையை நீட்டி உன் கையைப் பிடித்தேன். நீ அதை விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மெதுவாக, பஸ் நிலையத்துக்குள் வண்டி நுழைந்த பிறகு சொல்வது போல, "சேலம்... எறங்குங்க சாமி" என்றாய்.

கீழே மரங்களின் ஓரத்திலிருந்து தாக்குர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். கையை விடாமல் அந்தச் சத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். உன்னைத் தன்னோடு வரச்சொல்லி எவ்வளவோ கூப்பிட்டதாகவும், நின்ற இடத்தைவிட்டு நீ நகரவே மாட்டேன் என்றதாகவும் அவர் சொன்னார். கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடந்தோம். கீழே வந்தும் பனி நிற்கவில்லை. தோட்டத்துக்கு வந்தபோது தாக்குர் நின்றுவிட்டார். காலையில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்திருந்த ஆப்பிள் மரங்கள், பூவின் மேலேயே பனி ஏறிக் கிளை தொங்கி நின்றன. அவர் மனைவி அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து டீ கொடுத்தார். நீ டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாய்.

"எங்கடா?"

"பூவப் பாத்தீல்ல? வா, உலுக்கோணும். உலுக்குனா கொஞ்சமாச்சும் தப்பும்."

உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆளுக்கொரு கழியோடு போனோம். சீட்டாடிக்கொண்டிருந்த பையன்களையும் தாக்குரையும் இழுத்துக்கொண்டாய். ஒவ்வொரு கிளையாகத் தட்டினோம். பனி கழுத்துக்குள் விழுந்தது. கொஞ்சம் பூவும் விழுந்தது. மீதிப் பூ நின்றது. அந்த வருஷம் பாதிக் காய்ப்புதான் என்று தாக்குர் பிறகு போனில் சொன்னார். அந்தப் பாதி நம்முடையது என்றும் சொன்னார். நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய்!

அந்த மலை முதுகுக்கு நாம் போகவே இல்லை. அடுத்த வருஷம் வண்டி சத்தீஸ்கருக்குப் போனது. அதற்கடுத்த வருஷம் உனக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. சிறுநீரகம் என்றார்கள். ரிக்கை விட்டு இறங்கி ஊருக்கு வந்துவிட்டாய். வாரத்தில் மூன்று நாள் நாமக்கல்லில் டயாலிஸிஸ். அங்கே படுத்துக்கொண்டே எனக்குப் போன் போடுவாய். "என்ன மாப்ள, எந்த ஊர்ல ஓட்ட?" என்று ஆரம்பிக்கும். ஒரு முறை சொன்னாய்: "ரத்தத்த வெளிய எடுத்துக் கழுவி உள்ள உடறாங்கப்பா. சில்லுனு வருது. போர்வ போர்த்துனாலும் நடுங்குது. கண்ண மூடுனா நேரா அந்த மேட்டுக்குப் போயிடறன்." "குல்லாய போட்டுக்க" என்றேன். நீ சிரித்தாய். அடுத்த வாரம் நிஜமாகவே அதைப் போட்டுக்கொண்டு போனாயாம்.

நீ போன அன்று நான் ஒடிசாவில் காட்டுக்குள் ஒரு கிராமத்தில் இருந்தேன். உன் மனைவி, என்னை அண்ணா என்று கூப்பிடுகிற தங்கச்சி, போன் செய்தது. வண்டியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பியும், ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கருமாதி அன்று எருமப்பட்டியில் உன் வீட்டுப் பந்தலில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மெலிந்த ஒருவர், கையில் டயாலிஸிஸ் தழும்போடு, என்னைத் தேடி வந்தார். மோகனூர்க்காரர், கரும்பு விவசாயி. உன் பக்கத்துக் கட்டில்.

"ஏனுங்க, நீங்கதானுங்களா சேலத்தாரு?"

"ஆமாங்க."

இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பனியில நம்மாளத் தேடி வந்து காப்பாத்துனவரு நீங்கதான?"

"இல்லீங்க. தப்பாச் சொல்றீங்க. அவன்தான் என்னக் காப்பாத்துனான். தொலஞ்சு போனது நான்."

அவர் சிரித்தார். "இப்புடித்தான் சொல்லுவீங்கன்னு அவரும் சொன்னாருங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அவன் என்ன சொன்னான், அப்படியே சொல்லுங்க" என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த வார்டில் எல்லோரும் இந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். யாருக்காவது நடுக்கம் வந்தால் நீ ஆரம்பித்துவிடுவாயாம்.

"சுத்தியும் வெள்ளையாப் போச்சாமுங்க. ஒரே எடத்துல நின்னுட்டாரு. கால எடுத்து வெக்கப் பயம். கூப்புட்டுப் பாக்கறாரு, பதிலே இல்ல. தொண்ட கிழியக் கத்தறாரு, மேல இருந்து ஒரு சத்தமும் வல்ல. காத்து மட்டும் அடிக்குது. 'கேக்க ஆளே இல்லீங்க, நான் மட்டுந்தான் மிஞ்சியிருக்கறன்னு நெனச்சுட்டன்'னு சொல்லுவாரு. அழுதுட்டே கத்துனாராமுங்க. அப்ப அந்த வெள்ளைக்குள்ள இருந்து சேலத்தாரு வந்து கையப் புடிச்சாரு. இவ்வளவுதானுங்க கதை. ஆனா நாங்க திரும்பத் திரும்பக் கேப்போம்."

தங்கச்சி பின்னால் வந்து நின்றிருந்தது எனக்குத் தெரியவில்லை. "எனக்கும் அப்பிடித்தானுங்கண்ணா சொன்னாரு. 'அண்ணன் மட்டும் வல்லீன்னா நான் ஊடு வந்திருக்க மாட்டன்'னு" என்றது. சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

சேலத்துக்குப் பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அடக்கத்துக்காக நீ மாற்றிச் சொல்லியிருப்பாய் என்றுதான் முதலில் தோன்றியது. யோசிக்க யோசிக்க, அதில் ஒரு வார்த்தைகூட மாற்றப்படவில்லை. ஒரே இடத்தில் நின்றது நீதான். கத்தியது நீதான். நான் வந்து கையைப் பிடித்ததும் நிஜம். எனக்காவது உன் குரல் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். உனக்கு என் பக்கமிருந்து பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நான் பள்ளத்தில் விழுந்துவிட்டேனா, உயிரோடு இருக்கிறேனா என்றே தெரியாமல், மூடுபனியைப் பார்த்துப் புதன்சந்தை, புதுச்சத்திரம் என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறாய். இத்தனை வருஷமாக அது நான் தொலைந்துபோன கதை என்று நினைத்திருந்தேன். நீயும் அங்கேதான் தொலைந்திருந்தாய்.

இப்போது எருமப்பட்டிப் பக்கம் போனால், "இவருதான் காப்பாத்துனவரு" என்று டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். நான் மறுப்பதில்லை. குடிக்கிறேன். உன் கணக்கில் குடிக்கிறேன்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். அன்று கீழே வந்த பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. உனக்குக் கேட்டிருக்கும் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காற்று கீழிருந்து அடித்தது, உன் குரலை என்னிடம் கொண்டுவந்த அதே காற்று என்னுடையதைப் பிடுங்கி மலைக்கு மேலே கொண்டுபோய்விட்டது என்று எனக்குத் தெரியாமல் போனது. நான் பதில் சொன்னேனடா. ஒவ்வோர் ஊருக்கும் சொன்னேன். வாரேன், வாரேன் என்று கத்திக்கொண்டுதான் வந்தேன்.